டைட்டேனியக் கைபிடிக்கு எந்தத் திருகாணி?

கத்திப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

இப்படி எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வழக்கம். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயதாகவில்லை. அடுத்த மாதம் தொழில்நுட்பக் கல்லூரியில் கற்பிக்கப் போகிறேன். போவதற்கு முன் உங்களுக்கு ஏதாவது எழுதி வைக்கச் சொன்னார்கள். அளவுகளையும் கருவிகளையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவை கைநூலில் இருக்கின்றன. நான் பிழையான திருகாணியைத் தெரிவு செய்த கதை கைநூலில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது யுத்தம் முடியவில்லை. பல்லேகலையில் எங்கள் தொழிற்சாலை அதுவரை கைப்பைக் கொளுக்கிகளும் உலோகப் பொத்தான்களும் செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று மடக்குக் கத்தி ஐந்நூறு செய்து தரும்படி பரீட்சார்த்தமாக ஒரு வேலை கொடுத்தது. கத்தியின் அலகுகள் அங்கிருந்து வரும். டைட்டேனியக் கைபிடியை நாங்கள் வெட்டி, துளையிட்டு, மரை போட்டு, எல்லாவற்றையும் பூட்டி அனுப்ப வேண்டும். பிரச்சினை நாட்களில் கத்தி செய்வதென்றால் சும்மாவா? பொலிஸ் அனுமதி வாங்கி, அலகுகளைக் கம்பிக் கூட்டுக்குள் பூட்டி வைத்திருந்தோம். காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்குவோம். ஓர் அலகுகூட வாயிலைத் தாண்டக் கூடாது.

அந்த ஐந்நூறும் தேறினால் கத்தி வேலை நிரந்தரமாக எங்களுக்கு வரும். பூட்டும் மேசையில் இருந்த ஒன்பது பெண்களும் நாட்சம்பளக்காரர்கள். அவர்களுக்கு நிரந்தர நியமனக் கடிதம் கிடைக்கும். தகுதிகாண் காலத்தில் இருந்த எனக்கும் கிடைக்கும். தேறாவிட்டால் ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திருகாணியை எந்த உலோகத்தில் போடுவது என்பதை வாங்குபவர்கள் எங்களிடமே விட்டிருந்தார்கள். காரணங்களோடு ஒரு பக்க அறிக்கை கேட்டார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

என் பெற்றோர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரல் வைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமாவும் எடுத்தேன். அதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து, கீழே என் பெயரைப் பார்த்தபோது, அந்தத் தாளைப் பிரதி எடுத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

அதில் நான் எழுதியிருந்தது இதுதான். கைபிடி டைட்டேனியம், ஆகவே ஐந்து திருகாணிகளும் டைட்டேனியமாகவே இருக்கட்டும். வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் துருப்பிடிக்காது. பாரம் குறைவு. நீலம், வெண்கலம் என்று நிறம் ஏற்றலாம். உருக்குத் திருகாணி கடினமானதுதான், ஆனால் எவ்வளவு நல்ல உருக்கானாலும் என்றோ ஒருநாள் அதில் ஒரு செம்புள்ளி வரும். படித்துப் பார்த்தால் ஒரு சொல்லும் பிழையில்லை.

அதைத் தட்டச்சுச் செய்யும் முன் சோதனையும் செய்தேன். ஐம்பது கைபிடிகள். ஒவ்வொரு திருகாணியையும் பத்துத் தடவை பூட்டிக் கழற்றும்படி மேசைப் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் சிக்கவில்லை. அக்குறணையிலிருந்து வரும் பரீதா மட்டும் ஒரு திருகாணியை விரலில் உருட்டிக்கொண்டு சொன்னாள்.

"மிஸ், இது ஒரு மாதிரி இழுக்குது. உருக்கு ஸ்குரூ இப்புடி இல்ல."

"புது உலோகம் பரீதா. கை பழகணும்."

"கைக்கிப் பழகீட்டு மிஸ். ஸ்குரூவுக்குத்தான் பழகல்ல போல."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரீதாவுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. எட்டாம் வகுப்போடு நின்றவள். நான் அறிக்கையில் 'சிக்கல் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து ஐந்நூறையும் பூட்டத் தொடங்கினோம். வாங்குபவரின் பிரதிநிதி அடுத்த வியாழக்கிழமை நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது. எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மேசையில் இருந்தவர்களுக்கு வலைத் தொப்பி கொடுத்தேன். பூட்டும்போது அவர்கள் அடிக்கடி தலையைச் சொறிவது எனக்குக் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது. பரீதா முக்காடு போட்டிருந்தாள், அவள் சொறிய முடியாது. ஆனால் அவள் பக்கத்தில் இருந்த சந்திராவின் தலையை அடிக்கடி தடவுவாள். சந்திரா குண்டசாலைச் சிங்களப் பெண். இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதிகள், ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் தொப்பி. திருகாணிகளையும் கைபிடிகளையும் எண்ணெய்ப் பசை போக்கும் திரவத்தில் கழுவித் துடைத்துக் கொடுக்கச் சொன்னேன்.

தொப்பி போட்ட முதல் நாள் காலை பத்து மணிக்குள் ஒரு திருகாணி பாதியில் நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பலமாகத் திருகியபோது தலையில் உள்ள ஆறுமுனைக் குழி தேய்ந்து வட்டமாகிவிட்டது. மதியத்துக்குள் இன்னும் ஏழு. அடுத்த நாள் ஒரு தட்டு நிறைய. அலகு சுழலும் அச்சுத் திருகாணி இறுகிப்போனால் அந்தக் கத்தியைப் பிறகு திறக்கவும் முடியாது, அலகின் ஆட்டத்தைச் சரிசெய்யவும் முடியாது. குப்பைதான்.

நான் முதலில் திருகாணி அனுப்பியவர்களைத் திட்டினேன். பிறகு மேசைப் பெண்களைத் திட்டினேன்.

"யாரு கோணலாப் போடுறது? ரெண்டு மாசத்துக்கு முந்தி ஐம்பது நல்லாப் போச்சுதே! இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

பரீதா எழுந்தாள். சந்திராவின் தொப்பியைக் கழற்றினாள். ஒரு திருகாணியை எடுத்து, சந்திராவின் தலை வகிட்டில் மெதுவாக ஓர் இழுப்பு இழுத்து, கைபிடியில் வைத்துத் திருகினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கழற்றினாள். வந்தது.

"இதுதான் மிஸ் வந்திச்சி" என்று தொப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் எடுத்தது. அவர்கள் தலை சொறியவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் தலையில் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசித்தான் அந்த ஐம்பதையும் பூட்டியிருந்தார்கள்.

"இதை ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்றதா? நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நிண்டீங்க! எங்கட வாப்பா கதவு நெலைக்கி ஆணி அடிக்கக்குள்ளயும் தலையில தேச்சிட்டுத்தான் அடிப்பார். ஒலகத்துக்கே தெரிஞ்ச வேல மிஸ். என்ட தல மூடியீக்கிது, அதால சந்திராட தலதான் எனக்கி எண்ணெய்ச் சாடி."

"அவ எண்ணெய் வைக்காத நாள்ல என்ன செய்வ?"

"ஏசுவேன்."

மேசை முழுவதும் சிரித்தது. சந்திரா தன் வகிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

டைட்டேனியமும் டைட்டேனியமும் உலர்ந்த நிலையில் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு பலமாகக் கடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல, பாடமாகப் படித்த விஷயம்தான். எண்ணெய் அதை மறைத்திருந்தது. நான் சோதித்தது திருகாணியை அல்ல, சந்திராவின் தலையை.

"தொப்பியக் கழட்டுவோம் மிஸ்" என்றாள் மேசையின் கோடியில் இருந்த ஒருத்தி. "வெள்ளக்காரர் வந்து போகும் வரைக்கும் பழையபடி செய்வோம். யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் சொன்னது நடக்கக்கூடிய காரியம். அன்று செவ்வாய்க்கிழமை. பழையபடி தேய்த்துப் பூட்டினால் வியாழக்கிழமை எல்லாம் அழகாகத் திறந்து மூடும். என் அறிக்கையும் உண்மையாகவே நிற்கும். ஒன்பது பேருக்கும் கடிதம் கிடைக்கும். இதில் யாருக்கு நட்டம் என்று என்னையே கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீங்களும் என்றாவது இப்படி நிற்பீர்கள். அந்த நேரத்தில் மனம் சொல்லும் காரணங்கள் எல்லாம் மிகவும் நியாயமானவையாகத்தான் இருக்கும். ஆகவே மனத்தைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள்.

சோதனை செய்த ஐம்பது கைபிடிகளும் என் மேசை இழுப்பறையில் இரண்டு மாதமாகப் பூட்டியபடியே கிடந்தன. ஒன்றை எடுத்துத் திறந்தேன். முதல் திருகாணி வந்தது. இரண்டாவது அரைச் சுற்றில் நின்றது. இன்னொரு கைபிடியை எடுத்தேன். அதில் இரண்டு நின்றன. எண்ணெய் காய்ந்துவிட்டிருந்தது. வாங்குபவர் வந்து போகும் வரைக்கும் இது தாங்கும். கத்தியைக் காசு கொடுத்து வாங்கியவன், ஆறு மாதம் கழித்து அதைக் கழுவ நினைத்துத் திறக்கும் நாளில் தாங்காது.

எங்கள் மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். இரண்டு கைபிடிகளையும் அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்.

"அப்ப நீர் எழுதின ரிப்போட்?"

"பிழை சேர்."

"தலையெண்ணெய் விசயம் எத்தினை பேருக்குத் தெரியும்?"

"மேசையில எல்லாருக்கும்."

"ஓம். வழமைபோல எனக்குத்தான் கடைசி." கைபிடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இப்ப என்ன செய்யப் போறீர்?"

கடினமாக்கிய, துருப்பிடிக்காத உருக்கில் அதே அளவுத் திருகாணி கொழும்பில் ஒரு கடைசல் பட்டறையில் தயாராக இருந்தது. தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தேன். ஐந்நூறு கத்திக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு திருகாணி. புதன்கிழமை போய்க் கொண்டுவர வேண்டும்.

"நான் போனால் ஸ்குரூ வராது பிள்ளை. வழியில பொலிஸ் என்ர அடையாள அட்டையில பிறந்த இடத்தைப் பாத்தால் என்னை உள்ளுக்கு வைச்சிட்டு ஸ்குரூவை மட்டும் அனுப்புவாங்கள். சந்திராவை அனுப்பும். அவவுக்கு வழியில கரைச்சல் இல்லை."

"பிழை என்னோடது சேர். நானே போறேன்."

இது என் இரண்டாவது பிழை. குண்டுக்குள் நிரப்புவது போன்ற இரண்டாயிரத்து ஐந்நூறு சின்ன இரும்புத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் கண்டி வீதியில் வருவது அந்த நாட்களில் என்ன என்பதை நான் யோசிக்கவில்லை. என் பிழையை நானே திருத்துவேன் என்பதிலும் ஒரு வகைத் திமிர் இருக்கிறது. மரையில் பழுது இருந்தால் விரலால் கண்டுபிடிக்கக்கூடியவள் பரீதா ஒருத்திதான் என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டேன்.

பட்டறையில் அவள் கைபோன போக்கில் நூறு திருகாணிகளைப் பொறுக்கி, அலகில்லாத ஒரு கைபிடியில் உலரவே பூட்டிப் பார்த்தாள். மூன்றைத் திருப்பிக் கொடுத்தாள். மற்றவை சரி. இரண்டு பொதிகளாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கிப் பைகளை மேசையில் வைக்க வேண்டும். பெண் பொலிஸ் ஒருவர் என் பொதியைப் பிரித்தார். கையை உள்ளே விட்டு அள்ளினார். விரல்களுக்கிடையே சின்னச் சின்ன இரும்புகள் சொரிந்தன. அவர் முகம் மாறியது.

"மே மொனவத?" இவை என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சார்ஜனைக் கூப்பிட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் அந்த நேரத்தில் நான் செய்தது, அறிக்கை வாசிப்பதுபோல் உலோகங்களின் தன்மையைப் பற்றி விளக்கத் தொடங்கியதுதான். தொழிற்சாலைக் கடிதத்தையும் நீட்டினேன். நானே பெருமையோடு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். சார்ஜன் அதை ஒருமுறை பார்த்து மடித்து வைத்தார். நான் பேசப் பேசச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார்கள். பரீதா உதவிக்கு வந்தாள்.

"கத்திக்கு சார்" என்றாள் சிங்களத்தில்.

"கத்தியா?"

"ஐந்நூறு கத்தி."

எங்களைக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். எங்கள் பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. உள்ளே வாங்கில் ஒரு பெண் மடியில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துச் சற்றுத் தள்ளி இடம் விட்டாள்.

என் வாயால் ஆகாது என்று அப்போதுதான் விளங்கியது. சார்ஜனிடம் அனுமதி கேட்டு, பையிலிருந்த கைபிடியையும் திருப்புளியையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அதில் ஒரு துளையில் இறுகிப்போன டைட்டேனியத் திருகாணி இருந்தது. பட்டறையில் காட்டுவதற்காகக் கொண்டுபோனது. "இதைக் கழற்றுங்கள் சார்" என்றேன். அவர் முயன்றார். முழங்கையை மேசையில் ஊன்றி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. வரவில்லை. பிறகு பொதியிலிருந்து அவரையே ஒரு திருகாணியை எடுக்கச் சொல்லி, பக்கத்துத் துளையில் போடச் சொன்னேன். போனது. கழற்றினார். வந்தது. மறுபடியும் போட்டார். யாரும் கேட்காமலே மூன்றாம் தடவையும் போட்டார்.

"இதற்காகவா கொழும்புக்குப் போனீர்கள், நங்கி?" தங்கை என்று அழைத்துக் கேட்டார்.

"ஆம் சார். நான் பிழையாகத் தெரிவு செய்துவிட்டேன்."

அவர் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தார். மேலாளர் புத்திசாலி, சந்திராவைப் பேசவிட்டிருக்கிறார். மறுமுனையில் அவள் எதையோ நீளமாகச் சொல்ல, சார்ஜன் முதலில் விறைப்பாகக் கேட்டார், பிறகு பரீதாவின் முக்காட்டைப் பார்த்தார், பிறகு சிரித்தார். எங்கள் பெயர்களைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு திருகாணியை ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்துக்கொண்டு எங்களை விட்டார். இரண்டரை மணித்தியாலம் போயிருந்தது. வாங்கில் இருந்த அந்தப் பெண் நாங்கள் வெளியே வரும்போதும் அங்கேயேதான் இருந்தாள். அவளுக்காகப் பேச ஒரு சந்திரா இல்லை. அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிரவு முழுவதும் டைட்டேனியத் திருகாணிகளைக் கழற்றி உருக்குத் திருகாணிகளைப் பூட்டியும், வியாழக்கிழமை பிரதிநிதி வந்தபோது நானூற்று முப்பது கத்திகள்தான் தயார். மீதி எழுபதும் இறுகிப்போனவை. அவற்றை மறைக்காமல் தனித் தட்டில் அடுக்கி அவர் முன்னால் வைத்தோம். அவர் என் பழைய அறிக்கையை எடுத்து, சிக்கல் இல்லை என்ற வரியில் விரலை வைத்தார். அப்படியானால் இது எப்படி என்று கேட்டார். தலையெண்ணெய்க்கு மரியாதையான ஆங்கிலச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சந்திராவைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வகிட்டில் தேய்த்த திருகாணியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

கடற்கரையில் இருப்பவர்களின் கத்தியில் உருக்குத் திருகாணி துருப்பிடிக்காதா என்று கேட்டார். பிடிக்கலாம் என்றேன். துருப்பிடித்த திருகாணியைக் கழற்றி வேறு ஒன்று போடலாம். கடித்துக்கொண்டதைக் கழற்றவே முடியாது, கைபிடியும் சேர்ந்து போகும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகு ஒன்பது பேரையும் கையைக் கழுவி, தொப்பி போட்டு, உலர்ந்த உருக்குத் திருகாணியை அவர் கண்முன்னால் பத்துத் தடவை பூட்டிக் கழற்றச் சொன்னார். ஒன்பது திருப்புளிகளின் சத்தம் மட்டும் கேட்டது. நான் சுவரோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாவது தடவையும் ஒன்பதும் வெளியே வந்தன.

நானூற்று முப்பதையும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பிறகு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். கூடவே ஒரு நிபந்தனையும் எழுதியனுப்பினார்: உருக்குத் திருகாணியானாலும் பூட்டும்போது கடிக்காமலிருக்கத் துளி பசை போட வேண்டும். நீங்கள் இப்போது போடும் சாம்பல் நிறப் பசையின் மூதாதை சந்திராவின் தேங்காய் எண்ணெய்தான். டைட்டேனியத் திருகாணி இன்னும் அழகானது என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். அழகானதுதான். எதற்குப் பக்கத்தில் இருக்கப் போகிறது என்று பார்த்த பிறகு தெரிவு செய்யுங்கள்.

ஒன்பது பெண்களுக்கும் அந்த மாதமே நியமனக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. பிழையான சோதனைக்குக் கையெழுத்திட்டதற்காக என் தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அந்த ஆறு மாதமும் பூட்டும் மேசையில் வேலை செய்யும்படி மேலாளர் சொன்னார். "தண்டனை எண்டு நினையாதையும்" என்றார். நான் தண்டனை என்றுதான் நினைத்தேன். "படிச்ச புள்ளைய ஏன்மா மேசையில உக்கார வச்சாங்க?" என்று அம்மா கேட்டார்.

முதல் நாள் பரீதா தன் கதிரையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். ஒன்றும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு தன் பாட்டில் பூட்டினாள். நான் கைபிடியைப் பிடித்தேன், பசை தொட்டேன், முதல் திருகாணியை வைத்தேன். இரண்டு சுற்று லேசாகப் போனது. மூன்றாவது சுற்றில், மணல் ஒன்று பல்லில் அகப்பட்டதுபோல், விரல் நுனியில் ஏதோ ஒன்று இழுத்தது. கையை எடுத்தேன். திருப்பிக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். மரையில் மயிரிழை அளவு பிசிறு ஒன்று நின்றது.

பரீதா தன் வேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"இழுத்திச்சு."

"கைக்கித் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

அவள் அந்தத் திருகாணியை என் கையிலிருந்து வாங்கி, கழிவுத் தட்டில் போட்டுவிட்டு, வேறு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப இனி ஒங்கள மிஸ்ஸுண்டு கூப்புட்டாப் பொருந்தும்" என்றாள்.